முழுச் சட்டை

வேட்டை உலகம் தொப்பியைக் கழற்றி, எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு ஒன்று: நார்பர்ட்டின் சட்டையில் பதினெட்டு ஆண்டுகளாகக் கத்தரி படவில்லை.

விஸ்கான்சின் காட்டுக்குள் இருக்கும் அந்த மரக்குடிலில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். மானைச் சுட்டுக் குறி தவறியவன் அன்று மாலை முதுகைக் காட்டி நிற்க வேண்டும். சட்டையின் பின்பக்கத்தில் ஒரு சாண் துணியை வெட்டி, பெயரும் வருடமும் எழுதிச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள்.

சுவரில் பதினொரு துணிகள் டெல்மருடையவை. நார்பர்ட்டுடையது ஒரு நூல்கூட இல்லை. அதனால் கத்தரிக்கோல் பிடிக்கும் பதவி அவருக்கே. அவர் டெல்மரின் மனைவி லவானுக்கு அண்ணன் என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

"எங்க அண்ணன் சட்டையப் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு," என்றாள் லவான், வெட்டுப்பட்ட சட்டையால் ஜன்னலைத் துடைத்துக்கொண்டே. "இந்த வருஷமும் சட்டை வாலறுந்து வந்தீங்கன்னா, அடுத்த நவம்பர்ல காடும் கிடையாது, மானும் கிடையாது. எங்கம்மாவ பிங்கோ ஆடக் கூட்டிட்டுப் போறீங்க."

மாமியாரின் பிங்கோ என்றால், யாரோ எண்களைக் கூவக் கூவ நான்கு மணி நேரம் சீட்டில் கட்டம் அடிக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் டெல்மர் துப்பாக்கிக் கடையில் மச்சானிடமே போய் நின்றான். அங்கே நார்பர்ட்டுக்கென்று தனி முக்காலி உண்டு. அவர் வாய் திறந்தால் கடைக்காரரே கல்லாவை மூடிவிட்டுக் கேட்பார்.

"துப்பாக்கிங்கறது பூட்ஸ் மாதிரி, மாப்ள. அடுத்தவன் போட்டிருக்கான்னு வாங்கினா கால் கடிக்கும். ஸ்கோப்புக் கண்ணாடி பெருசா இருந்தா மான் பெருசாத் தெரியும், அவ்வளவுதான். பயந்து செத்துடாது."

"போன வருஷம் வில்லுதான் உசத்தின்னீங்களே, மச்சான்? வாங்கி வச்சிருக்கேன். லவான் அதுல கோட்டு மாட்டறா."

"போன வருஷம் நீ வேற ஆளு," என்றார் நார்பர்ட் கண்களை மூடியபடி.

"சரி, உங்க துப்பாக்கி எது?"

அவர் சுவரில் ஒன்றைக் காட்டினார். "இதே மாதிரிதான். தொட்ட நாள்லேருந்து ஒரு குறி தவறினதில்ல."

டெல்மர் அதையே வாங்கினான். அதே ஸ்கோப்பு, அதே தோல்வார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் செய்தவனுக்கே அடையாளம் தெரியாது.

வேட்டையின் முதல் நாள், விடியும் நேரம். குடிலின் மேசையில் நார்பர்ட்டின் தோட்டாப் பெட்டி இருந்தது. அதில் ஒட்டியிருந்த கடைச்சீட்டைப் பார்த்ததும் டெல்மரின் காப்பி கசந்தது. அந்தக் கடையை மூடி ஒன்பது வருடமாகிறது. இப்போது அங்கே பல் டாக்டர் இருக்கிறார்.

ஒன்பது வருடமாக ஒரே பெட்டி! ஒரு தோட்டாவைக்கூட வீணடிக்காத மனுஷன்! டெல்மரோ ஒரு சீசனுக்கு இரண்டு பெட்டி காலி செய்து மரங்களைத்தான் கொன்றிருக்கிறான்.

நார்பர்ட் வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு நாளும் அவர் மதிப்பு ஏறிக்கொண்டேதான் போகும். "வந்துச்சு. சின்னப்பய. வளரட்டும்னு விட்டுட்டேன்," என்பார். அவர் வீட்டுச் சுவரில் பன்னிரண்டு கிளைக் கொம்போடு ஒரு மான்தலை உண்டு. எந்த வருஷம் சுட்டது என்று கேட்டால் புன்னகை செய்வார்.

பெரிய பைன் மரத்தடியில் இருவரும் நின்றார்கள். டெல்மர் தோட்டாக்களைப் போட்டு முடித்துத் துப்பாக்கியை மரத்தில் சாய்த்தான். நார்பர்ட்டும் திரும்பி நின்று எதையோ 'களக்' என்று இழுத்துவிட்டு, தன்னுடையதைப் பக்கத்தில் சாய்த்தார்.

"காப்பி தன் வேலையக் காட்டுது, மாப்ள," என்று புதருக்குப் பின்னால் போனார்.

மூன்றே விநாடி. டெல்மர் இரண்டு துப்பாக்கிகளையும் இடம் மாற்றி வைத்தான். ராசி துப்பாக்கியிலா, ஆளிலா என்பது இன்று தெரிந்துவிடும்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்ப் பதுங்கினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, டெல்மருக்கு அறுபது அடியில் பத்துக் கிளைக் கொம்போடு ஒரு மான் வந்து நின்றது. மூச்சைப் பிடித்தான். விசையை அழுத்தினான்.

டிக்.

மான் அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, நார்பர்ட் இருக்கும் பக்கம் நடந்துபோனது. 'அந்தாளு துப்பாக்கிக்குக்கூட என்னைப் பிடிக்கல!' என்று டெல்மர் பல்லைக் கடித்தான்.

அப்போது அந்தப் பக்கமிருந்து, டமார்!

'என் துப்பாக்கி! என் தோட்டா! அதுவும் அவர் சொன்னாத்தான் கேக்குமா?' பொறாமையில் காதில் புகை வர, டெல்மர் பனியில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். குடிலில் சமைத்துக்கொண்டிருந்த வேட்டைக் கூட்டாளி கிளேட்டஸும் கரண்டியோடு ஓடி வந்தார். பதினெட்டு வருடத்தில் நார்பர்ட் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டதாக அவருக்கு நினைவில்லை.

மான் விழுந்திருக்கவில்லை. ஒரு மரக்கிளை விழுந்திருந்தது. நார்பர்ட் தொப்பியில்லாமல் பனியில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி ஒரு பக்கம், பிளாஸ்க் ஒரு பக்கம். இரண்டு கைகளும் காதை மூடியிருந்தன.

"என்னாச்சு, மச்சான்?"

நார்பர்ட் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது.

"யாரோ என் துப்பாக்கியில தோட்டா போட்டு வச்சிருக்காங்க, மாப்ள."