பதினேழாம் எண் ஜாடி

நெதர்லாந்தின் ஹார்லெம் நகர மலர்க் கண்காட்சியில் பதினேழாம் எண் ஜாடிக்கு முதல் பரிசு என்று அறிவித்ததும், ஃபென்னா கொதிப்போடு நடுவர் கெர்ரிட்டிடம் போய் நின்றாள்.

“எதைப் பார்த்துக் குடுத்தீங்க? டியூலிப் எல்லாம் தலை தொங்கிக் கிடக்கு. ரோஜா இதழ் மேஜையெல்லாம் கொட்டிக் கிடக்கு!”

“அதான் அம்மணி அழகு! நானூறு வருஷத்துக்கு முந்தி நம்ம ஓவியருங்க பூவை அப்படித்தான் வரைஞ்சாங்க, வாடுறதும் உதிர்றதுமா. இப்போ உலகமே அந்தப் பாணிக்குத் திரும்புது. தோத்தவங்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.”

“யாருக்கு எரியுது? காலையில விளக்கு மாட்ட வந்த உங்க ஆளு ஏணியால அந்த ஜாடியை இடிச்சுட்டான். அடுக்கினதெல்லாம் சரிஞ்சுபோச்சு. சரிபண்ண அஞ்சு நிமிஷம் குடுங்கன்னு கெஞ்சினேன். நேரம் முடிஞ்சுதுன்னு கதவைச் சாத்தி விரட்டினது நீங்கதான்!”

கெர்ரிட் திகைத்தார். “அப்போ... அது உங்க ஜாடியா?”

“இடிக்கிறவரைக்கும் என்னோடது!”

ஜாடியில் கட்டியிருந்த பரிசு நாடாவை உருவி, ஃபென்னா அவர் கையில் திணித்தாள்.

“இதைக் கொண்டுபோய் அந்த ஏணிக்குக் கட்டுங்க!”