மாசாயில் ஓர் ஓடுபாதை

வெளிநாட்டிலிருந்து வாங்கிய புதிய விமானக் கட்டுப்பாட்டுத் திரைகள் விமான நிலையக் கோபுரத்துக்கு வந்தபோது, அந்த நாட்டின் ஓடுபாதை ஒன்றும் அவற்றோடு வந்துவிட்டது. திரையில், மலேசியாவின் ஜொகூர் வரைபடத்தில் அது மாசாய் அடுக்குமாடிகளின் மேல் கிடந்தது. கோபுரத்தில் பணிபுரியும் டொரத்தியின் வீடும் அங்கேதான். தினமும் மாலை நாலு பத்துக்கு 112 பேருடன் ஒரு விமானம் திரையில் அதில் இறங்கி, பிறகு கிளம்பும். வானத்தில் எதுவும் தெரியாது.

“அது அவங்க ஊரு பிளைட் லா, கண்டுக்காதீங்க,” என்றார் பொறியாளர் ரூபேந்திரன்.

வியாழக்கிழமை நாலு இருபதுக்குத் தம்பி கில்பர்ட் வீட்டிலிருந்து அழைத்தான்.

“அக்கா, வாசல்ல நெறைய பேர் பெட்டியோட நிக்கிறாங்க. என்னையும் கூப்பிடுறாங்க.”

“கதவத் தொறக்காதடா.”

“தொறந்துட்டேனே.”

விமானத்தை நிறுத்தும் பொத்தானை டொரத்தி அழுத்திக்கொண்டே இருந்தாள். அந்த ஓடுபாதை அவள் பொறுப்பில் இல்லை என்றது திரை. விமானம் மேலேறியது. பயணிகள் 113.