சிவப்பு நூல் கட்டிய பைகள்

திருட்டைக் கமலம் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தவள், காளான் கொட்டகையின் தட்டி இடுக்கில் பார்த்தால் உள்ளே, அவளுக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்த சின்னப் பெண் காவ்யா. கமலம் கட்டி வைத்த பைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, நாலு பைகளைப் பொறுக்கி எடுத்தாள். அவற்றின் நீல நூலை அவிழ்த்துவிட்டுச் சிவப்பு நூலைக் கட்டினாள். பிறகு தன்னுடைய பைகளில் நாலுக்கு நீல நூலைக் கட்டி, கமலத்தின் வரிசையில் வைத்துவிட்டாள்.

நீலம் கமலத்தின் நூல். சிவப்பு காவ்யாவுடையது. யார் கட்டிய பை என்று தெரிவதற்காக முதலாளி மணவாளன் செய்திருந்த ஏற்பாடு அது.

'அடிப்பாவி!' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கமலம் ஐயப்பன்தாங்கல் பஸ்ஸைப் பிடித்தாள்.

கரையான்சாவடியில் இந்த வேலை கிடைத்ததே பெரும்பாடு. மண்ணூர்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். மணிக்கட்டு தேய்ந்துபோனதும், "வீட்டுல ரெஸ்ட் எடுங்கம்மா" என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். ரெஸ்ட் எடுத்தால் அடுப்பு எரியுமா? ஐம்பது தாண்டியவளை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

மணவாளன் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார்.

"வைக்கோலை வேகவெச்சு, ஆறவிட்டு, கையில பிழிஞ்சு பாருங்கம்மா. ஒரு சொட்டு விழக்கூடாது. தண்ணி நின்னா பச்சைப் பூசணம் வந்துடும். நீங்க கட்டுற முதல் பைகள்ல பூசணம் வந்துச்சுன்னா வேலை கிடையாது. அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

அதனால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிடி வைக்கோலையும் பிழிந்து பார்த்துத்தான் கமலம் பையில் போட்டாள். இடையிடையே காளான் விதையைத் தூவி, வாயைக் கட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

அப்படியும் அந்தக் காவ்யா சும்மா இருந்தாளா?

"தள்ளு யக்கா, இன்னா புடி புடிக்கிற நீ!" என்று கையிலிருந்த வைக்கோலைப் பிடுங்கி, தான் ஒருமுறை பிழிவாள். வயதுக்கு ஒரு மரியாதை கிடையாது. காதில் எந்நேரமும் ஒரு பாட்டு. இப்போது நூலையும் மாற்றுகிறாள். தன் கெட்ட பைகளை என் தலையில் கட்டி என்னை விரட்டப் பார்க்கிறாள், வேறென்ன?

மறுநாளிலிருந்து கமலம் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

"யக்கா, பஜ்ஜி சூடா கீது, சாப்புடு."

"எனக்கு வேணாம்."

திருட்டுக் கை நீட்டும் பஜ்ஜி தொண்டையில் இறங்குமா?

கமலத்திடம் ஒரு சாட்சி இருந்தது. தையல் கம்பெனியில் தான் முடித்த ஒவ்வொரு பண்டிலிலும் குறி போட்டுப் பழகிய கை. இங்கேயும் தன் பைகளுக்கு அடியில் மார்க்கர் பேனாவால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள். அது யாருக்கும் தெரியாது. காளான் விதை பரவும்வரை பைகளைப் பூட்டி வைத்த இருட்டறை திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து மணவாளன் சாவியோடு வந்தார்.

"சார், ஒரு நிமிஷம்." கமலம் முன்னால் போய் நின்றாள். "என்னோட நாலு பையை இவ எடுத்துக்கிட்டு, இவளோடதை என் வரிசையில வெச்சிருக்கா. நூலை மாத்துனதை நான் பார்த்தேன்."

காவ்யாவின் முகம் வெளுத்துவிட்டது. "யக்கா, சும்மா இரு. அப்பால பேசிக்கலாம்."

"எதுக்கு அப்புறம்? சார் முன்னாடியே பேசு!"

"வேணாம் யக்கா, சொன்னா கேளு..." காவ்யா அவள் கையைப் பிடித்தாள்.

கமலம் உதறினாள். மாட்டிக்கொண்டால் எல்லோருக்கும் இப்படித்தான் குழைய வரும்.

"என் பைக்கு அடியில பெருக்கல் குறி இருக்கு சார். நீங்களே தூக்கிப் பாருங்க."

மணவாளன் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே இருவரும் போனார்கள்.

நீல நூல் வரிசை முழுக்கப் பஞ்சு அடைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு பைகூடக் கெடவில்லை.

சிவப்பு நூல் வரிசையில் நாலு பைகள் மட்டும் பச்சையாகப் பூத்து, புளித்த வாடை அடித்தன.

மணவாளன் அவற்றில் ஒன்றைத் தூக்கி அடியைத் திருப்பினார். பெருக்கல் குறி. அடுத்ததிலும் பெருக்கல் குறி. நாலிலும் அதே குறி.

கமலம் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டாள். அழுத்திப் பிழியத் தெம்பில்லாத கையில் சொட்டு எப்படி விழும்? அமுக்கிப் பார்த்துக் காவ்யா பொறுக்கியது நல்ல பைகளை இல்லையே!

"கமலம்மா, இது உங்க குறிதானா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் காவ்யா குறுக்கே வந்து நின்றாள்.

"குறி நான் போட்டது சார். யக்கா என்னமோ தப்பா பாத்துட்டு சொல்லுது. நூலு செவப்பாத்தானே கீது? கெட்டுப்போன நாலும் என்னுதுதான், என்னையே திட்டிக்கோ."