யாரால் தாமதம்?

"மயக்க மருந்து கொடுக்கறியா, இல்ல மணிக்கணக்கா வேகற ரெண்டாங் கறி கிண்டிக்கிட்டிருக்கியா?"

கையுறை மாட்டிக்கொண்டு தயாராக நின்ற இதய அறுவை நிபுணர் டாக்டர் புர்ஹான் போட்ட சத்தத்தில் தியேட்டரே அதிர்ந்தது.

மயக்க மருந்து டாக்டர் நெல்வா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த மார்லிஸ், பாடாங் நகரத்தில் மினிபஸ் ஓட்டுகிறவர். இதயத்துக்கு ரத்தம் போகிற முக்கியமான குழாயிலேயே அடைப்பு. அவருக்கு முகமூடி வழியாகக் காற்றைக் கொடுத்தபடி, திரையில் ஓடும் ரத்த அழுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆள்தான் தூங்கியாச்சே! தொண்டையில குழாயைப் போடேன்."

"ஆள் தூங்கிட்டார் சார். தொண்டை இன்னும் தூங்கலை. இப்ப குழாயைச் சொருகினா பிரஷர் எகிறிடும். இந்த இதயம் தாங்காது."

"மத்தவங்கள்லாம் போடறாங்களே?"

"போடட்டும். நான் போடமாட்டேன்."

நர்ஸுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரேயடியாகக் கொடுத்தால் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். அதனால் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். காத்திருந்தாள். தொண்டையில் மரத்துப்போகிற மருந்தைத் தெளித்தாள். மறுபடியும் காத்திருந்தாள்.

"இந்தப் பொம்பளை இருக்கிறவரைக்கும் நமக்கெல்லாம் நேரத்துக்குச் சாப்பாடு கிடையாதுடா சாமி!"

புர்ஹானின் புலம்பலில் நெல்வாவின் காது சிவந்தது. கை மட்டும் அவசரப்படவில்லை. பிறகுதான் குழாய் உள்ளே போனது. திரையில் எண்கள் லேசாக ஏறி, அப்படியே அடங்கின.

"ஆரம்பிக்கலாம் சார்."

"பெரிய உபகாரம்!"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மார்லிஸை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு நெல்வா முகக்கவசத்தைக் கழற்றும்போதே நர்ஸ் ஓடி வந்தாள்.

"டாக்டர், டைரக்டர் உங்களைக் கூப்பிடறார். புர்ஹான் சார் காலையிலேயே அவர் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுப் பேசிட்டு வந்தார். நல்லா வத்தி வெச்சுட்டார்னு நினைக்கறேன்."

ஆபரேஷனைத் தாமதப்படுத்துகிறவர்கள் யாராக இருந்தாலும் மாற்றல்தான் என்று புது டைரக்டர் போன கூட்டத்திலேயே சொல்லியிருந்தார்.

'கடலுக்கு நடுவுல இருக்கிற மென்டாவாய் தீவுக்கே மாத்தட்டும். அங்கே போனாலும் மருந்து வேலை செய்யாம குழாய் போடமாட்டேன். முகத்துக்கு நேராச் சொல்லிடறேன்.'

விறுவிறுவென்று போய்க் கதவைத் தட்டினாள்.

"வாங்க, உட்காருங்க. தியேட்டர்ல தினமும் தாமதம். யாராலன்னு இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு."

"சார், நான் சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க..."

"நீங்க யாரையும் காப்பாத்த வேண்டாம்மா. புர்ஹானே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார். வயசாயிடுச்சாம், தயாராகறதுக்கே அவருக்கு நேரமாகுதாம். அதுவரைக்கும் பாவம், நோயாளியைத் தூங்க வெச்சுக்கிட்டு நீங்க காத்துக்கிட்டிருக்கீங்களாம். வயசானவராச்சேன்னு அவரை மாத்தாம, மெமோ மட்டும் கொடுத்துட்டேன்."

நெல்வா அப்போதுதான் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்படி வாயை மூடிக்கிட்டு இருக்காதீங்க. இனிமேலாவது அந்த மனுஷனை நாலு வார்த்தை திட்டி அவசரப்படுத்துங்க!"