மாடிக்கு மட்டும் மெதுவாக

"மாடியில ஆரம்பிச்சாச்சு" என்றார் பேராசிரியர், விட்டத்தைப் பார்த்து.

மறுநாள் மாலை நகர அரங்கில் அவர் பேச வேண்டும். தலைப்பு: 'எல்லோருக்கும் ஒரே இணையம்'. முப்பது பக்க உரை; அடிக்குறிப்புகள் தனி. கடைசி மேற்கோளைச் சரிபார்க்க ஓர் ஆய்வுக் கட்டுரையை இறக்கிக்கொண்டிருந்தார். அது ஆமையோடு பந்தயம் விட்டுத் தோற்றுக்கொண்டிருந்தது.

காரணம், அவர் கணிப்பில், மாடியில் குடியிருக்கும் பேருந்து ஓட்டுநர். வாடகையோடு இணையமும் சேர்த்தி என்று பெருந்தன்மையாகச் சொன்னவர் பேராசிரியர்தான். அதற்காக வேலை முடிந்து வந்ததும் தினமும் வீடியோவா?

"காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டுப் படம் பார்க்கிறார். பேச்சுக்குரலே இல்ல, சிரிப்பு மட்டும் கேக்குது பாரு."

"நாள் முழுக்க நெரிசல்ல வண்டி ஓட்டிட்டு வர்ற மனுஷன். சிரிச்சுட்டுப் போகட்டுமே" என்றாள் மனைவி.

"அறிவு வர்ற பாதையில கேளிக்கை குறுக்க நிக்கக் கூடாதும்மா."

கணினியில் ரவுட்டரின் அமைப்பைத் திறந்து, மாடிக்குப் போகும் வீடியோவுக்கு மட்டும் வேகத்தைக் குறைத்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "எது வேகமாப் போகணும், எது மெதுவாப் போகணும்னு கம்பெனிக்காரன் முடிவு பண்ணக் கூடாதுன்னுதானே நாளைக்குப் பேசப் போறீங்க?"

"அது கம்பெனி. இது வீடு."

கட்டுரை பாய்ந்து வந்தது. மாடியில் சிரிப்பு நின்றது. இரண்டுமே அவருக்குத் திருப்தி. 'யார் தேவை பெரிது என்று தீர்மானிக்க இவர்கள் யார்?' என்ற தம் வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்து ரசித்தார்.

கதவு தட்டப்பட்டது. ஓட்டுநர்.

"சார், கம்பெனிக்காரன் இஷ்டத்துக்கு வேகத்தக் குறைப்பான்னு அன்னைக்கு நீங்க சொன்னப்ப நான் நம்பல. இப்ப என் வீட்டுலயே நடந்துருச்சு. கம்பெனிக்காரன் வீடியோவ அமுக்கிட்டான்!"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

"வீடியோ போனா என்ன... யார்கிட்டயாவது பேசணும்னா, சும்மா போன்லயே..."

"மக கிட்ட சார். விடுதியில தங்கிப் படிக்கிறா. அவளுக்குக் காது கேக்காது. நாங்க கையாலதான் பேசிக்குவோம்."

ஓட்டுநரின் குரல் தாழ்ந்தது. "காலையில அவளுக்குப் பரீட்சை. பயந்து அழுதுட்டிருந்தா. ஏதேதோ கோமாளித்தனம் பண்ணி, இப்பத்தான் சிரிக்க வச்சேன். அதுக்குள்ள படம் உறைஞ்சுபோச்சு. 'பயப்படாதே'ன்னு எழுதி அனுப்பினேன். எழுத்துல எப்படி சார் கட்டிப்பிடிக்கிறது?"

மனைவி கணினியைப் பேராசிரியர் பக்கம் திருப்பி வைத்தாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நாளைக்கு லீவு போட்டுட்டு உங்க கூட்டத்துக்கு வர்றேன் சார். ஒரு நிமிஷம் பேச விடுங்க, போதும். வேகத்தக் குறைச்ச பாவி எவனோ, அவன் காதுல இது விழணும்."

பேராசிரியர் நிமிரவே இல்லை.

"விழுந்துருச்சு" என்றார்.