மேடைக்கு ஒரு தாய்

குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் பத்தாம் ஆண்டு விழா. "இங்கே பிழைத்த முதல் குழந்தை, இதோ!" என்று மேடையில் காட்டினால் மந்திரி உருகிவிடுவார் என்பது காரியதரிசி ரத்தினவேலின் கணக்கு.

பழைய ரிஜிஸ்தரைத் தூசி தட்டினார். முதல் பெயர் செல்லக்கிளி, வயது ஒன்று. மூன்றாம் நாள் மரணம்.

அதனாலென்ன? இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? டிரைவரின் பதினொரு வயது மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிச் செல்லக்கிளி ஆக்கிவிட்டார். இனி ஒரு தாய் வேண்டும். வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவைக் கூப்பிட்டார். பத்து வருஷமாக அவரிடம் வேலை பார்ப்பவள்தான். பெயரைக் கேட்கத்தான் அவருக்கு இன்னும் நேரம் ஒழியவில்லை.

"ஆயா, மேடையில நீதான் இந்தப் பொண்ணுக்கு அம்மா. 'சாகக் கிடந்த புள்ளையத் தூக்கிட்டு வந்தேன், பொழைக்க வச்சுட்டாங்க'ன்னு மந்திரிகிட்ட சொல்லணும்."

"தூக்கிட்டு வந்தேன்னு சொல்றேங்க ஐயா."

"முழுசாச் சொல்லணும்!" என்று அதட்டிவிட்டு, ரிஜிஸ்தரில் விரல் வைத்துத் தாயின் பெயரைப் படித்தார். "பேரு கேட்டா மயிலம்மாள், ஊரு உறையூர்னு சொல்லு. மறந்து தொலைக்காதே."

ஆயா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"மறக்க மாட்டேங்க. எம் பேரே அதுதாங்க. செல்லக்கிளியப் பொதச்ச மறுவாரம்தான் இங்க வேலைக்குச் சேந்தேன்."

ரத்தினவேல் ரிஜிஸ்தரிலிருந்து தலையை நிமிர்த்தினார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அட, ரொம்ப நல்லதாப் போச்சு! மேடையில அழுகை நெசமாவே வரும்."