சுவரில் இரண்டு படங்கள்

புரோட்டீன் பவுடர் கடைச் சுவரில் ஒரே ஆளின் இரண்டு படங்கள். ‘முன்’ படத்தில் தொப்பை. ‘பின்’ படத்தில் திரண்ட தோள்கள்.

அதை நம்பித்தான் அந்த ஊர்த் தையல்காரர் ஒருவர் சாப்பாட்டைக் குறைத்துப் பவுடராகக் குடித்தார். கால் வீங்கியது.

“உங்க கிட்னிக்கு இது ஆகாது. பருப்பும் முட்டையும் போதும்” என்று திட்டினார் டாக்டர்.

தையல்காரர் நேரே கடைக்குப் போய், கடைப் பையனிடம், “படத்துல இருக்கற ஆளைக் கூப்பிடு” என்றார்.

தொப்பையைத் தூக்கிக்கொண்டு முதலாளி உள்ளேயிருந்து வந்தார். “நான்தாங்க அது.”

“பழையபடி தொப்பை வந்துடுச்சா?”

“பழையபடி இல்லைங்க, புதுசு. மூட்டை தூக்கி, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டப்போ அந்தத் தோள் இருந்துச்சு. கடை வெச்சு, உக்காந்த இடத்துலயே பவுடரைக் குடிச்சதும் இப்படி ஆயிட்டேன்” என்றார் முதலாளி. “ரெண்டு படமும் நிஜம். இடத்தை மட்டும் மாத்தி மாட்டிட்டேன்.”